வெளியே இருட்டு, மணிக்கூட்டில் பின்னேரம்: மறதி நோயாளர்களுக்கான மணிக்கூடு பற்றிய ஒரு மதிப்பீடு

டிமென்ஷியா எனப்படும் மறதி நோய் உள்ளவர்களுக்கென்று விற்கப்படும் மணிக்கூடு ஒன்றை 2025 ஜனவரியில் என் அம்மாவுக்காக வாங்கினேன். ஏப்ரலில் அதைக் கழற்றி அலுமாரியில் வைத்துவிட்டு, விலை கூடிய இன்னொன்றை வாங்கினேன். இடையில் வந்தது மார்ச் மாதத்து நேரமாற்றம். இத்தகைய மணிக்கூடுகளைப் பற்றிக் கருத்து எழுதுபவர்கள் பெரும்பாலும் வாங்கிய முதல் வாரத்திலேயே எழுதிவிடுகிறார்கள்; எழுத்துப் பெரிதாக இருக்கிறது, திரை தெளிவாக இருக்கிறது, அப்பாவுக்குப் பிடித்திருக்கிறது என்கிறார்கள். அவையெல்லாம் உண்மைதான். ஆனால் பிரித்தானியாவில் வாழ்பவர்கள் இந்தப் பொருளை எடைபோட வேண்டிய நாட்கள் ஆண்டில் இரண்டே இரண்டு: நேரம் ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளப்படும் மார்ச் மாதத்தின் கடைசி ஞாயிறும், அது மீண்டும் பின்னே இழுக்கப்படும் ஒக்டோபர் மாதத்தின் கடைசி ஞாயிறும். அந்த இரண்டையும் கடந்து வந்த பிறகே இதை எழுதுகிறேன். மணிக்கூடுகளின் பெயரைத் தரப்போவதில்லை. ஒரே உடலுக்கு வெவ்வேறு பெயர் ஒட்டி விற்கும் பொருள் இது. பெயரைக் காட்டிலும் உள்ளே என்ன அமைப்பு இருக்கிறது என்பதைப் பார்த்து வாங்குவதே பயன் தரும்.

பொருள் எளிமையானது. ஒரு படச்சட்டத்தின் அளவில், மூலைவிட்டமாக 8 அங்குலத் திரை. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் கிழமை, அதன் கீழே நாளின் பொழுது, அதன் கீழே மணி, கடைசியில் திகதி. மாதத்தின் பெயரையோ கிழமையின் பெயரையோ சுருக்காமல் முழுமையாக எழுதுகிறது. இது சிறிய விடயமாகத் தோன்றலாம், ஆனால் மூன்று எழுத்துச் சுருக்கங்களை விரித்து வாசிக்கும் ஆற்றல்தான் மறதி நோயில் முதலில் தளர்ந்து போகிறவற்றுள் ஒன்று என்பதை அம்மாவிடம் கண்டிருக்கிறேன். மின்சாரத்தில் இயங்குகிறது, மின்சாரம் நின்றால் நேரத்தை நினைவில் வைத்திருக்க உள்ளே ஒரு நாணயப் பற்றரி உண்டு. இரவில் வெளிச்சம் தானாகக் குறைந்துகொள்ளும்.

அம்மா ஊரில் கணித ஆசிரியையாக இருந்தவர். நினைவாற்றல் சிகிச்சை நிலையத்தில் வட்டம் ஒன்றை வரைந்து, அதற்குள் எண்களை இட்டு, 11 மணி 10 நிமிடத்தைக் காட்டும்படி முட்களைப் போடச் சொன்னார்கள். பல இடங்களிலும் வழக்கத்தில் உள்ள சோதனை அது. பல்லாயிரம் வட்டங்களைக் கரும்பலகையில் வரைந்த அந்தக் கை பன்னிரண்டு எண்களையும் வலது பாதிக்குள் நெருக்கி எழுதிவிட்டு, இடது பாதி வெறுமையாகக் கிடப்பதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தது. சுவரில் இருந்த முள் மணிக்கூடு இனி அவருக்கு உதவாது என்பதை அன்றுதான் விளங்கிக்கொண்டேன். எண்ணால் நேரத்தைக் காட்டி, இது காலையா மாலையா என்பதையும் எழுத்தில் சொல்கிற ஒன்றைத் தேடத் தொடங்கியது அதன் பிறகே.

நன்மையை முதலில் சொல்லிவிடுகிறேன். "இண்டைக்கு என்ன கிழமை, பிள்ளை?" என்ற கேள்வி எங்கள் வீட்டில் நாள் முழுவதும் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தது. மணிக்கூடு வந்த இரண்டு வாரத்தில் அது முற்றாக நிற்கவில்லை என்றாலும், கேட்பதற்கு முன் அம்மா ஒருமுறை அந்தத் திரையைப் பார்க்கப் பழகிவிட்டார். வெள்ளிக்கிழமை என்று வாசித்துவிட்டு மரக்கறிச் சமையல்தானா என்று கேட்பார். எனக்கும் அவருக்கும் இடையில் ஒரே பதிலை முப்பதாவது தடவை சொல்லும்போது எழும் அந்தச் சலிப்பு வெகுவாகக் குறைந்தது. மணிக்கூட்டின் விலை 42 பவுண்ஸ். அந்தச் சலிப்பு மட்டும் குறைந்ததற்கே அது தகும்.

குறைகளில் முதலாவது மொழி. பெட்டியில் பல மொழிகள் என்று பெருமையாக அச்சிட்டிருந்தார்கள். திறந்து பார்த்தால் அத்தனையும் ஐரோப்பிய மொழிகள். நான் வாங்கிய இரண்டிலுமே தமிழ் இல்லை. அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்க வரும் என்பதால் சமாளித்தோம். நோய் முதிரும்போது பிற்காலத்தில் கற்ற மொழி முதலில் நழுவுவது பலரிடமும் காணப்படுகிறது; ஆங்கிலம் அறியாத ஒரு தமிழ்த் தாய்க்கோ தந்தைக்கோ இந்தப் பொருள் வெறும் எண் காட்டும் பலகைதான். தமிழைச் சேர்க்க முன்வரும் ஒருவர் பள்ளிக்கூட அகராதியைப் பார்த்துப் பிற்பகல், முன்னிரவு என்று எழுதிவிடக் கூடாது என்றும் வேண்டிக்கொள்கிறேன். யாழ்ப்பாணத்து முதியவர் ஒருவருக்குப் பொழுது என்பது விடியப்புறம், காலமை, மத்தியானம், பின்னேரம், மம்மல், இரவு. வேறு ஊர்க்காரருக்கு வேறு சொற்கள் இருக்கும்.

இரண்டாவது குறை மார்ச் 9 ஆம் திகதி வெளிப்பட்டது. அன்று ஞாயிற்றுக்கிழமை. காலையில் நான் எழுந்து வந்தபோது அம்மா சேலை உடுத்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்திருந்தார். மணிக்கூடு 8 என்றது. என் கைத்தொலைபேசி 7 என்றது. பிரித்தானியாவில் நேரம் மாற இன்னும் மூன்று வாரங்கள் இருந்தன. விளக்கக் கையேட்டைப் பலமுறை புரட்டிய பிறகுதான் காரணம் பிடிபட்டது: கோடைநேரத்துக்குத் தானாக மாறும் என்று அந்தக் கருவி சொல்லிக்கொண்டது உண்மை, ஆனால் அது அறிந்திருந்த விதி அமெரிக்க விதி. அமெரிக்காவில் 2007 முதல் மார்ச் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு நேரம் முன்னே போகிறது. நவம்பர் மாதத்தின் முதல் ஞாயிறு பின்னே வருகிறது. நாட்டைத் தெரிவு செய்யும் வசதி அந்தப் பட்டியலில் எங்குமே இல்லை. கையால் ஒரு மணித்தியாலம் குறைத்தேன். சில நாட்களில் மின்சாரத்திலிருந்து கழற்றி மாட்டியபோது மறுபடியும் கூடிக்கொண்டது. விற்பனையாளருக்கு எழுதினேன். தானியங்கி மாற்றத்தை நிறுத்திவிட்டு ஆண்டில் இரண்டு தடவை கையால் மாற்றிக்கொள்ளுமாறு பதில் வந்தது. தனியாக வாழும் ஒரு நோயாளியின் வீட்டில் அந்தக் கை யாருடையது என்பதை அவர்கள் எழுதவில்லை.

ஆகவே வாங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இது: தானாக மாறுமா என்பதோடு நின்றுவிடாமல், எந்த நாட்டு விதிப்படி மாறும் என்று கேளுங்கள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளும் பிரித்தானியாவும் ஒரே நாளில், ஒரே கணத்தில் மாறுகின்றன. பிரான்சிலோ ஜெர்மனியிலோ இருக்கும் நம்மவர்களுக்கும் அமெரிக்க விதி அறிந்த மணிக்கூடு இதே சிக்கலைத்தான் கொடுக்கும். கனடாவில் பெரும்பாலான இடங்கள் அமெரிக்காவின் நாட்களையே பின்பற்றுவதால் டொரொண்டோவில் உள்ளவர்களுக்கு என் முதல் மணிக்கூடு ஒழுங்காக வேலை செய்திருக்கும்.

இரண்டாவதாக வாங்கியது 79 பவுண்ஸ். இது வானொலிச் சமிக்ஞையைக் கேட்டு நேரத்தைத் திருத்திக்கொள்கிறது. இங்கிலாந்தின் வடமேற்கே கம்பிரியாவில் உள்ள அன்தோர்ன் என்னும் இடத்திலிருந்து 60 கிலோஹேர்ட்ஸ் அலைவரிசையில் தேசிய பௌதிக ஆய்வகத்தின் நேரம் ஒலிபரப்பாகிறது. 2007 வரை அது ரக்பி நகரிலிருந்து வந்தது. அந்தச் சமிக்ஞையைப் பிடிக்கும் மணிக்கூட்டை யாரும் தொட வேண்டியதில்லை. ஆனால் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் வைத்தபோது சமிக்ஞை கிடைக்கவில்லை. சன்னலுக்கு எதிரே உள்ள சுவருக்கு மாற்றிய பிறகு ஓரிரவில் பிடித்துக்கொண்டது. ஒக்டோபர் 26 அதிகாலை இதைச் சோதிப்பதற்காகவே கண்விழித்திருந்தேன். மதிப்பீடு எழுதுகிறவருக்கு அந்தக் கடமை உண்டு என்பது ஒரு சாட்டு. அம்மாவும் அன்று தூங்கவில்லை என்பதுதான் உண்மை. மாற்றத்துக்கு முந்திய கணக்கில் மூன்று மணிக்கு நான் பார்த்தபோது திரை இரண்டு என்று சரியாகக் காட்டியது. கருவியின் வேலை அவ்வளவுதான். அதன்பிறகு நடந்தவை மணிக்கூட்டின் திறமைக்கு அப்பாற்பட்டவை. ஆனாலும் இந்த மதிப்பீட்டில் அதிக இடம் அவற்றுக்குத்தான்.

நம் உடலுக்கென்று ஒரு மணிக்கூடு மூளையின் அடிப்பகுதியில், ஹைபோதலமஸ் பகுதியில் இருக்கிறது. சுமார் 20,000 நரம்புக் கலங்கள் கொண்ட சிறு கூட்டம் அது. கண்ணுக்குள் விழும் வெளிச்சத்தைக்கொண்டுதான் அது தன்னை நாள்தோறும் திருத்திக்கொள்கிறது. இருள் வந்ததும் மெலற்றோனின் சுரக்க விடுகிறது. மறதி நோயின் ஒரு வகையான அல்சைமர் நோயில் அந்தக் கலங்களும் சிதைகின்றன. அதோடு முதுமையில் கண்வில்லை மஞ்சள் நிறம் கொள்வதால், அந்த மணிக்கூட்டைத் திருத்தும் நீல வெளிச்சம் உள்ளே போவதும் குறைகிறது. ஆரோக்கியமான ஒருவர் ஒரு மணித்தியால மாற்றத்தைச் சில நாள் கொட்டாவியோடு கடந்துவிடுவார். திருத்திக்கொள்ளும் கருவியே பழுதான ஒருவருக்கு அந்தச் சில நாட்கள் வாரங்களாக நீளக்கூடும். எங்கள் வீட்டில் மார்ச் மாதத்து மாற்றம் காலையில் வலித்தது: மணிக்கூட்டின்படி 8 மணிக்கு வரும் பராமரிப்பாளருக்கு அம்மாவின் உடல் இன்னும் 7 மணியில் இருந்தது. எழுப்புவதும் குளிக்க வார்ப்பதும் சண்டையாயின. பசியும் அப்படியே, 12 மணிச் சோற்றை ஒரு மணி வரை தொடமாட்டார்.

ஒக்டோபர் வேறு. அங்கே வலித்தது பின்னேரம். 2025 ஒக்டோபர் 25 சனிக்கிழமை லண்டனில் சூரியன் மறைந்தது மாலை 5.46 அளவில், மறுநாள் ஞாயிற்றுக்கிழமை 4.44 அளவில். அம்மாவுக்கு 5 மணிக்கு ஒரு பராமரிப்பாளர் வருவார். சனிக்கிழமை வரை அவர் வரும்போது வெளிச்சம் இருந்தது. அம்மா முன்னறைச் சன்னலோரம் இருந்தபடி அந்தப் பெண் படலையைத் திறந்து வருவதைக் காண்பார், அவர் அணிந்திருக்கும் நீலச் சட்டையை அடையாளம் காண்பார், கையசைப்பார். ஞாயிற்றுக்கிழமை அதே 5 மணிக்கு வெளியே இருட்டு. விளக்குப் போட்ட அறையில் இருந்து பார்த்தால் சன்னல் கண்ணாடி தெருவைக் காட்டாது, உள்ளே இருப்பவரையே காட்டும். தன் நிழலைத் தானென்று அறியாத ஒருவருக்கு அது வாசலில் நிற்கும் அந்நியர். அந்த வேளையில் வாசலில் உள்ள சாவிப்பெட்டியைத் திறந்து உண்மையாகவே ஒருவர் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தால் என்ன ஆகும்? ஊரில் போர்க்கால ஊரடங்கின்போது மம்மலுக்குப் பிறகு கதவு தட்டப்படுவதன் பொருள் என்னவென்று அறிந்த தலைமுறை அது. அம்மா கட்டிலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். பராமரிப்பாளர் நல்ல பெண், நிதானமாக வெளியே போய் எனக்கு அழைப்பெடுத்தார்.

அப்போது சுவரில் இருந்த 79 பவுண்ஸ் மணிக்கூடு என்ன சொல்லிக்கொண்டிருந்தது தெரியுமா? ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம், 5 மணி. ஆங்கிலத்தில்தான், நான் தமிழில் சொல்கிறேன். இந்த வகை மணிக்கூடுகள் நாளைக் கூறுபோடும் முறை தொழிற்சாலையிலேயே தீர்மானிக்கப்பட்டது: நண்பகல் 12 முதல் 6 வரை பின்னேரம், 6 முதல் 9 வரை மாலை, 9க்குப் பிறகு இரவு. சூரியன் எப்போது மறைகிறது என்பதை அது கணக்கில் எடுப்பதில்லை. யாழ்ப்பாணத்தில் இது பெரிய பிழையாகாது. அங்கே ஆண்டு முழுவதும் 6 மணியை ஒட்டித்தான் பொழுதுபடும். மிக முந்திப்படும் நாளுக்கும் மிகப் பிந்திப்படும் நாளுக்கும் இடையில் ஒரு மணித்தியாலம்கூட வராது. லண்டனில் டிசம்பரில் 4 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், ஜூனில் இரவு 9.20 வரை வெயில் நிற்கும். ஜூன் மாதத்தில் 9 மணிக்கு இந்த மணிக்கூடு இரவு என்று அறிவித்தபோது அம்மா சன்னலைக் காட்டி என்னைப் பார்த்துச் சிரித்தார். ஒக்டோபரில் சிரிக்கவில்லை. இரண்டு தடவையும் அவர் நம்பியது சன்னலை. அவர் நம்பியதில் தவறொன்றும் இல்லை.

பொழுதுபடும் வேளையில் மறதி நோயாளர்களுக்குத் தடுமாற்றமும் பதற்றமும் கூடுவதை மருத்துவர்கள் நெடுங்காலமாக அறிவார்கள். வீட்டுக்குப் போக வேண்டும் என்று வீட்டிலேயே இருந்துகொண்டு அழுவது அந்த வேளையில்தான். நேரமாற்றம் அந்த வேளையை ஒரே இரவில் ஒரு மணித்தியாலம் முன்னே கொண்டுவந்து, பராமரிப்பாளர் வரும் நேரத்தின் மேல் போட்டுவிடுகிறது. மணிக்கூடு அந்நேரத்தில் பின்னேரம் என்று சொல்லும்போது உதவி செய்வதை விட்டுவிட்டு நோயாளியோடு வாதாடத் தொடங்குகிறது. ஆகவே நான் தேடிப் பிடித்த இரண்டாவது அமைப்பு இது: பொழுதுகளின் எல்லையை நாமே மாற்றிக்கொள்ளும் வசதி. என் இரண்டாவது மணிக்கூட்டில் அது இருந்தது. பட்டியலின் ஐந்தாம் பக்கத்தில், கடைக்காரரே அறியாத இடத்தில். ஒக்டோபர் 27 அன்று மாலையின் தொடக்கத்தை 6 மணியிலிருந்து 4 மணிக்கு இறக்கினேன். கோடையில் இரவின் தொடக்கத்தை 10க்கு ஏற்றுவேன். மணிக்கூடும் சன்னலும் ஒரே சொல்லைச் சொன்ன பிறகு அம்மா இரண்டையும் பார்த்துவிட்டு எழுந்து விளக்கு வைக்கப் போனார். வாங்குகிறவர்கள் இந்த ஒரு வசதி இல்லாத மணிக்கூட்டை வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

திடீரென்று மாற்றாமல் சிறிது சிறிதாக மாற்றினால் என்ன என்று பலரும் எழுதுகிறார்கள். நாளொன்றுக்குப் பத்து நிமிடம் வீதம் ஆறு நாளில் நகர்த்தினால் நோயாளிக்குத் தெரியாது என்பது எண்ணம். அதை மார்ச் மாதத்தில் முதல் மணிக்கூட்டில் செய்து பார்த்தேன். கையால் மாற்றுவதற்கென்றே படைக்கப்பட்டதாயிற்றே. பயன் இல்லை. மணிக்கூடு ஒன்று சொல்லத் தொலைக்காட்சி வேறொன்று சொன்னது, பராமரிப்பாளர் மூன்றாவது ஒன்றின்படி வந்தார். மணிக்கூட்டைத் தொடாமல் உணவையும் படுக்கையையும் மாத்திரம் பத்துப் பத்து நிமிடமாக நகர்த்தியதே ஒக்டோபரில் ஓரளவு கைகொடுத்தது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கோடைநேரம் என்னும் எண்ணத்தைப் பிரித்தானியாவில் 1907 இல் துண்டுப்பிரசுரம் எழுதிப் பரப்பியவர் வில்லியம் வில்லெற் என்ற கட்டட ஒப்பந்தக்காரர். அவர் கேட்டது ஒரே தடவையில் ஒரு மணித்தியாலம் அன்று. ஏப்ரல் மாதத்து நான்கு ஞாயிறுகளில் இருபது இருபது நிமிடமாக நகர்த்தி, செப்டெம்பரில் அதேபோலத் திரும்பி வரலாம் என்பதே அவரது திட்டம். 1915 இல் அவர் இறந்தார்; அடுத்த ஆண்டு, உலகப்போரின் நடுவில், ஜெர்மனி மாற்றிய சில வாரங்களில் பிரித்தானியாவும் ஒரே தாவலாக மாற்றிக்கொண்டது. 1968 முதல் 1971 வரை இந்த நாடு மாற்றமே இல்லாமல் ஆண்டு முழுவதும் ஒரு மணித்தியாலம் முன்னே இருந்து பார்த்துவிட்டுக் கைவிட்டது. ஐரோப்பிய நாடாளுமன்றம் 2019 இல் இந்த வழக்கத்தை நிறுத்த வாக்களித்தது, நடைமுறைக்கு வரவில்லை.

எங்கள் வீட்டில் வேலை செய்தது வேறொரு வழி, அது எந்தக் கையேட்டிலும் இல்லை. ஒக்டோபர் மாற்றம் நடந்த இரண்டாம் நாள், ஏன் எல்லோரும் நேரத்தைக் குழப்புகிறீர்கள் என்று அம்மா கோபித்தபோது, விளக்கம் சொல்லிக் களைத்துப்போய், "அரசாங்கம் நேரத்தை மாத்திப்போட்டுது, அம்மா" என்றேன். அவர் முகம் தெளிந்தது. "பழைய நேரமோ, புது நேரமோ?" என்று கேட்டார். இலங்கையில் மின்சாரத் தட்டுப்பாட்டைக் காரணமாகக் காட்டி 1996 மே 25 அன்று நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினார்கள், அதே ஆண்டு ஒக்டோபரில் அதில் அரை மணித்தியாலத்தைக் குறைத்தார்கள், 2006 ஏப்ரலில் மறுபடியும் பழையபடியே வைத்தார்கள். அந்தப் பத்தாண்டிலும் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியில் பழைய நேரமே இருந்தது. வன்னியில் இருந்த அம்மா அரசாங்கத்தின் கட்டுப்பாட்டில் இருந்த வவுனியாவுக்குப் போகும்போதெல்லாம் புது நேரத்துக்குள் நுழைந்து, திரும்பும்போது பழைய நேரத்துக்குள் வந்தவர். ஒரு காரியத்துக்கு நேரம் குறிக்கும்போது பழையதா புதியதா என்று கேட்டுக்கொள்வது அவருக்குப் பத்து வருடப் பழக்கம். அண்மைய நினைவுகள் உதிர்ந்துபோன தலையில் அந்தக் கேள்வி அப்படியே இருந்தது. "பழைய நேரம் வந்திட்டுது" என்றேன். சரியென்று தலையசைத்தார். அந்தச் சொற்களை ஓர் அட்டையில் எழுதி மணிக்கூட்டின் கீழே ஒட்டியிருக்கிறேன். மார்ச்சில் அட்டையைத் திருப்பினால் புது நேரம். உங்கள் பெற்றோருக்கு இது பொருந்தாமல் போகலாம். ஆனால் ஈழத்திலிருந்து வந்த அந்த வயதினர் பலருக்குப் பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

மற்ற வசதிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மருந்து வேளைக்குக் குரல் எழுப்பும் அலாரத்தை இரண்டாம் நாளே நிறுத்திவிட்டேன். அறைக்குள் இருந்துகொண்டு ஆங்கிலத்தில் கட்டளையிடும் அந்தப் பெண் யார் என்று அம்மா தேடத் தொடங்கினார். நேரமாற்றத்தில் மருந்தைப் பற்றிப் பலர் அஞ்சுகிறார்கள். மறதி நோய்க்காக இரவில் ஒருமுறை கொடுக்கும் டொனெபெசில் குளிசையைப் புது நேரத்தின்படி கொடுத்துக்கொண்டு போகலாம் என்று எங்கள் மருந்தாளர் சொன்னார். பார்க்கின்சன் நோயோடு மறதியும் உள்ளவர்கள் எடுக்கும் லெவோடோப்பா அப்படியல்ல; அது வேளை தவறினால் உடலே இறுகிவிடும், ஆகவே அவர்களின் வீட்டார் மாற்றத்துக்கு முன்பே மருந்தாளரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. படங்களை ஓடவிடும் வசதியும் உண்டு. அதை நிறுத்தியே வையுங்கள். பேரப்பிள்ளையின் படம் வரும் நேரத்தில் கிழமை மறைந்துவிடுகிறது.

பணம் பற்றி. பிரித்தானியாவில் நீடித்த நோய் உள்ளவரின் தனிப்பட்ட பாவனைக்காக, அத்தகையோருக்கென்றே வடிவமைக்கப்பட்ட பொருளை வாங்கும்போது 20 சதவீதப் பெறுமதிசேர் வரி செலுத்த வேண்டியதில்லை. வாங்கும்போது ஓர் உறுதிமொழியை நிரப்பினால் போதும்; மருத்துவரின் கடிதம் கேட்பதில்லை. நான் முதல் தடவை அறியாமல் வரியோடு வாங்கினேன். இங்கிலாந்தில் உள்ளூராட்சிச் சபையின் பராமரிப்புத் தேவை மதிப்பீட்டில் தேவை என்று கண்டால், உதவிக் கருவிகளை இலவசமாகவே தர வேண்டும். மணிக்கூடும் அதில் அடங்குமா என்று மதிப்பீட்டுக்கு வருகிறவரிடம் கேட்டுப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள். மணிக்கூடு வந்த நாளிலேயே வீட்டில் உள்ள ஏனைய மணிக்கூடுகளை எண்ணுங்கள். எங்கள் வீட்டில் சமையல் அடுப்பில் ஒன்று, நுண்ணலை அடுப்பில் ஒன்று, கூடத்தில் ஒன்று, கட்டிலோரம் ஒன்று. தானாக மாறாத ஒரே ஒரு மணிக்கூடு போதும், தானாக மாறும் 79 பவுண்ஸ் மணிக்கூட்டைப் பொய்யன் ஆக்குவதற்கு. அடுப்புகளின் எண்களை நான் கறுப்பு நாடா ஒட்டி மறைத்துவிட்டேன்.

இன்னும் ஒன்றையும் சொல்லாவிட்டால் இந்த மதிப்பீடு நேர்மையாக இராது. உங்களிடம் ஒரு பொருளுக்கு மாத்திரமே பணம் இருக்குமானால், மணிக்கூட்டுக்கு முன் வெளிச்சத்தை வாங்குங்கள். நெதர்லாந்தில் 12 முதியோர் இல்லங்களில் 189 பேரிடம் நடத்தப்பட்டு 2008 இல் வெளியான ஆய்வொன்றில், பகல் முழுவதும் சுமார் 1,000 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுக்குக் கூடங்களை வெளிச்சமாக்கியபோது அறிவுத் தளர்ச்சி சற்றே மெதுவானது, மனச்சோர்வும் குறைந்தது. வீட்டில் மாலையில் நாம் போடும் மஞ்சள் விளக்கு அந்த அளவில் ஒரு சிறு பங்கும் வராது. ஒக்டோபர் மாற்றத்துக்குப் பிறகு நாங்கள் முன்னறையின் மின்குமிழ்களைப் பகல் வெள்ளை நிறம் கொண்ட பெரியவையாக மாற்றினோம். அவற்றுக்கு மொத்தச் செலவு 30 பவுண்ஸுக்கும் குறைவு. மூன்றரை மணிக்கே, வெளியே இன்னும் வெளிச்சம் இருக்கும்போதே, விளக்குகளைப் போட்டுத் திரைச்சீலையை இழுத்துவிடுகிறோம். கண்ணாடியில் அந்நியர் தோன்றுவதற்கு இடமே இல்லை. காலையில் மழையில்லாவிட்டால் அம்மாவுக்குக் குளிரங்கி மாட்டித் தெருமுனை வரை நடத்திக் கூட்டிப்போகிறோம். நவம்பர் நடுப்பகுதியில் 5 மணிப் பராமரிப்பாளர் வருகையை 4 மணிக்கு மாற்றித் தரும்படி சேவை நிறுவனத்திடம் கேட்டேன். மூன்று வாரம் இழுத்தடித்துத்தான் ஒப்புக்கொண்டார்கள். நேரம் மாறும் நாளில் அட்டவணையையும் மாற்றலாம் என்பது அங்கே யாருக்கும் தோன்றியிருக்கவில்லை.

புள்ளி கேட்பவர்களுக்கு: முதல் மணிக்கூட்டுக்கு ஐந்துக்கு இரண்டு, டொரொண்டோவில் இருந்தால் மூன்று. இரண்டாவதற்கு நான்கு, தமிழ் இல்லாததற்காக ஒன்றைக் கழித்திருக்கிறேன். இதை எழுதும்போது அடுத்த மாற்றம் 2026 மார்ச் 29. அதற்கு ஆறு நாள் முன்பிருந்து அம்மாவின் காலைத் தேநீரைப் பத்துப் பத்து நிமிடமாக முந்திக் கொடுக்கவேண்டும், மாலையின் தொடக்கத்தை மறுபடியும் 6 மணிக்கு ஏற்றவேண்டும், அட்டையைத் திருப்பிவைக்கவேண்டும். கைத்தொலைபேசியில் குறித்துவைத்திருக்கிறேன்.